சித்தப்பாவுக்கு வயசாகலை!

இந்த வாரம் ஒரு குட்டி டெஸ்ட்டோட ஆரம்பிக்கலாம். 'முஸ்தபா'ன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? 'பாட்டு'ன்னு சொன்னா நீங்க எஃப்.எம். பார்ட்டி. 'பிரியாணிக் கடை'ன்னு சொன்னா சந்தேகமே இல்லை, ஹாஸ்டல் பார்ட்டி. 'ஓடி வந்து எகிறி மிதிப்பானே, அவனா?'ன்னு கேட்டீங்கன்னா... வாங்க பாஸ், இந்த வாரப் பக்கம் உங்களுக்குத்தான்!

தெரியாதவங்க வீட்ல மாமா, சித்தப்பா யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. கதை கதையாச் சொல்வாங்க. அந்த வீடியோ கேமோட நெசப் பேரு 'கெடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. ஜப்பானோட கேப்காம் கம்பெனி 1993-ல வெளியிட்டது. அதுல வர்ற நாலு ஹீரோக்கள்ல ஒருத்தன் பேருதான் முஸ்தபா. நம்ம ஊர்ல அந்த நீளமான இங்கிலீஷ் பேரை யாரு சொல்றது? கேமுக்கே 'முஸ்தபா'ன்னு பேர் வெச்சு, காது குத்தி, மொட்டை போட்டுட்டாங்க.

என் சித்தப்பா அந்த முஸ்தபாவை வெச்சுத்தான் 12 வருஷம் குடும்பம் நடத்தினாரு.

ஒரு ரூபாய் சாம்ராஜ்யம்

திருப்பரங்குன்றத்துல கோயிலுக்குப் போற வழியில, பத்துக்குப் பத்து ரூம்ல மூணு மெஷின். 1996-ல ஆரம்பிச்ச கடை. ஒரு ரூபாய் போட்டா ஒரு ஆட்டம். டியூஷனுக்குக் கட் அடிச்ச பசங்க, தேடி வந்து காதைத் திருகிக் கூட்டிட்டுப் போற அம்மாக்கள்னு கடை எப்பவும் கலகலன்னு இருக்குமாம். காசு தீரப் போற சின்னப் பையன் முழிச்சுக்கிட்டு நின்னா, சித்தப்பா பேசாம வலது பக்கம் வந்து ரெண்டாவது பிளேயரா நின்னு காப்பாத்தி விடுவாரு. 'கடைக்கார அண்ணே நின்னா கடைசி ஸ்டேஜ் வரைக்கும் போகலாம்'ங்கிறது அந்தக் காலத்துல ஏரியா ரகசியம்.

அப்புறம் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்துச்சு. செல்போன்லயே கேம் வந்துச்சு. 2008-ல ஷட்டரை இறக்கிட்டாரு. ரெண்டு மெஷின் வித்துப்போச்சு. மூணாவது மட்டும் மொட்டை மாடி ரூம்ல, பழைய ஃப்ளெக்ஸ் பேனரைப் போத்திக்கிட்டு தூங்கிட்டு இருந்துச்சு.

போன வருஷம் சித்தி ஒரு முடிவு எடுத்தாங்க. மாடி ரூமை இடிச்சுக் கட்டி வாடகைக்கு விடணும். "பங்குனித் திருக்கல்யாணத்துக்கு சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. அதுக்குள்ள இது ஓடணும். இல்லேன்னா பழைய இரும்புக் கடைக்காரனைக் கூப்பிட்டுருவேன்"னு தீர்ப்பு வந்துருச்சு. (எங்க ஊரு பங்குனித் திருவிழான்னா சும்மா இல்லை. முருகன் - தெய்வானை கல்யாணத்துக்கு மதுரையில இருந்து மீனாட்சியும் சொக்கரும் நேர்ல வருவாங்க. அவங்களே வரும்போது எங்க தேனி அத்தை வராம இருப்பாங்களா?)

வீட்ல ஒரே ஒரு ட்ரிபிள்-இ ஸ்டூடன்ட் நான். "நீதான் இன்ஜினீயராச்சே, பண்ணுடா"ன்னு எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. மூணாவது வருஷம் படிக்கிறவனை இன்ஜினீயர்னு கூப்பிட்டா மறுக்கவா முடியும்? மண்டையை ஆட்டிட்டேன்!

நடுவுல ஒரு சப்ளையர்

பெட்டியைத் திறந்தா மானிட்டர் காலி. கேம் போர்டு காலி. ஆனா ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் உசுரோட இருந்துச்சு. உள்ளே என் பழைய கம்ப்யூட்டரை வெச்சு 'மேம்' போட்டுடலாம்னு முடிவு பண்ணினேன். (க்ளாஸ் எடுக்கிற மேம் இல்லை. பழைய வீடியோ கேம் போர்டு மாதிரியே கம்ப்யூட்டரை நடிக்க வைக்கிற சாஃப்ட்வேர். இத்தாலிக்காரர் நிக்கோலா சால்மோரியா 1997-ல வெளியிட்டது.)

இங்கதான் நம்ம ஹீரோ என்ட்ரி. பேரு, என்கோடர்.

அந்தக் காலத்துப் பெட்டியில இது தேவைப்படலை. 1985-ல வந்த 'ஜாமா'ங்கிற ஜப்பான் ஸ்டாண்டர்டுபடி, ஒவ்வொரு பட்டன்ல இருந்தும் தனித்தனியா ஒரு ஒயர் நேரா கேம் போர்டுக்கே போயிடும். மொத்தம் 56 முனை இருக்கிற கனெக்டர். ஒயரோட ஒயர் பேசிக்கும். ஆனா கம்ப்யூட்டருக்கு யூ.எஸ்.பி. பாஷைதான் தெரியும். பட்டனோ வெறும் ஸ்விட்ச். அதுக்கு 'அமுக்கினாங்க, விட்டாங்க'ன்னு ரெண்டே வார்த்தைதான் தெரியும். ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு சேதி சொல்ற போர்டுதான் என்கோடர்.

நம்ம ஊரு பரோட்டாக் கடையை நினைச்சுக்கங்க. ராத்திரி ஒன்பது மணிக் கூட்டம். 'அண்ணே ரெண்டு பரோட்டா', 'எனக்கொரு கொத்து', 'சால்னா ஊத்துண்ணே'ன்னு நாலு டேபிள்ல இருந்தும் ஒரே நேரத்துல சத்தம். எல்லாத்தையும் காதுல வாங்கி, ஒண்ணு விடாம கல்லுக்கிட்ட நிக்கிற மாஸ்டருக்குச் சொல்றாரே சப்ளையர், அவருதான் என்கோடர். அவரு காதுல ஒரு ஆர்டர் விழலைன்னா மாஸ்டர் எவ்வளவு கில்லாடியா இருந்தும் உங்க இலை காலிதான்.

டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பேப்பர்ல 74148-ன்னு ஒரு 'ப்ரையாரிட்டி என்கோடர்' வருமே, ஞாபகம் இருக்கா? ட்ரூத் டேபிள் வரைஞ்சு மார்க் வாங்கினோமே! எட்டு இன்புட் ஒரே நேரத்துல வந்தா, இருக்கிறதிலேயே பெரிய நம்பரை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் கண்டுக்காது. பெரிய மனுஷன் டேபிளுக்கு மட்டும் ஓடுற சப்ளையர். பேரு ஒண்ணா இருக்கிறதால ஏமாந்துடாதீங்க. கேம் பெட்டிக்கு அது ஆகாது. இங்கே ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நாலஞ்சு பட்டனை அமுக்குவாங்க. அத்தனையும் போய்ச் சேரணும்.

ஓசி கீபோர்டும் ஒரு சோகமும்

சரி, நான் என்ன பண்ணினேன்? 'எதுக்கு தண்டச் செலவு?'ன்னு ஹாஸ்டல் பரண்ல கிடந்த ஒரு ஓசி கீபோர்டைப் பிரிச்சேன். மேம்-ல முதல் ஆளுக்கு ஆரோ கீ, இடது கன்ட்ரோல், இடது ஆல்ட். ரெண்டாவது ஆளுக்கு திசைக்கு ஆர், எஃப், டி, ஜி, பட்டனுக்கு ஏ, எஸ். காசுக்கு 5, ஸ்டார்ட்டுக்கு 1. அந்தக் கீ எல்லாம் உள்ளே எந்த முனைக்குப் போகுதுன்னு மல்டிமீட்டர் வெச்சுத் தேடி, சால்டரிங் பண்ணி, பட்டனோட ஒயரை இழுத்தேன். ரெண்டு ஞாயித்துக்கிழமை காலி. விரல்ல மூணு இடத்துல சூடு.

ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் பாஸ்! செலவு, சால்டரிங் ஈயம் மட்டும். சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

சட்டையை மடிச்சு விட்டுக்கிட்டு வந்தாரு. வழக்கம் போல வலது பக்கம் நின்னாரு. நான் இடது பக்கம். ஆட்டம் ஆரம்பிச்சுச்சு. முதல் ரெண்டு நிமிஷம் ஓகே. கூட்டமா ஆளுங்க சூழ்ந்ததும் அந்தப் புகழ்பெற்ற சித்தப்பாவைக் காணோம். அவரோட ஆளு நின்ன இடத்துலயே நின்னு அடி வாங்கினான். அடி, குதி ரெண்டையும் சேர்த்து அமுக்கினா சுத்தி நிக்கிற எல்லாரையும் தள்ளி விடுற ஒரு சுழற்றல் இருக்கு. அது வரவே இல்லை. மூணாவது நிமிஷம் ஆட்டம் குளோஸ். மறுபடி. அதே கதை. நாலாவது தடவை அவரே கையை எடுத்துட்டாரு.

"கை போச்சுடா தம்பி. 50 ஆகப் போகுதுல்ல..."ன்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலை. அடுத்த நாள் மாடிக்கு அவர் வரலை. அதுக்கடுத்த நாள், "அந்த இரும்புக் கடைக்காரர் நம்பர் எங்கே வெச்ச?"ன்னு சித்திக்கிட்ட அவரே கேட்டுக்கிட்டு இருந்தாரு.

திருக்கல்யாணத்துக்கு ஆறு நாள்.

குற்றவாளி சிக்கினான்!

அன்னிக்கு ராத்திரி ஈ.சி.இ. படிக்கிற என் ஃப்ரெண்டு வந்தான். "மாப்ள, ஒரு ஆட்டம் போடுவோம்"னான். அவன் இடது பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டதால நான் வலது பக்கம் போனேன். கூட்டம் சூழ்ந்துச்சு. ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினேன். சுழற்றல் வரலை! எனக்கு 20 வயசுதான் பாஸ் ஆகுது!

எந்தெந்தக் கீ அமுங்கியிருக்குன்னு ஸ்கிரீன்ல காட்டுற ஒரு குட்டி சாஃப்ட்வேர் இருக்கு. அதைப் போட்டோம். நான் தனியா அமுக்கினா எல்லாக் கட்டமும் எரியுது. அவன் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளிப் பிடிச்சிருக்கும்போது நான் அமுக்கினா ஒரு கட்டம் எரியலை. அவன் கையை எடுத்ததும் எரியுது. வலது பக்கம் நிக்கிறவன் அமுக்குறது போய்ச் சேரவே இல்லை!

காரணம் இதுதான். கீபோர்டுல நூறு கீ இருந்தா நூறு ஒயர் போட மாட்டாங்க. பலகைக் கோடு மாதிரி குறுக்கே 8, நெடுக்கே 16 கோடு போட்டு, ரெண்டும் வெட்டிக்கிற இடத்துல ஒரு கீயை வைப்பாங்க. 24 கோட்டுல 128 கீ முடிஞ்சுது. சிக்கனம்! ஆனா ஒரு செவ்வகத்தோட மூணு மூலையில இருக்கிற கீயை ஒரே நேரத்துல அமுக்கினா, நாலாவது மூலையும் அமுங்கின மாதிரி கரன்ட் சுத்தி வந்துடும். யாரும் கேட்காத பரோட்டா! இதுக்கு 'கோஸ்டிங்'னு பேரு. பேய்க் கீ. ஒவ்வொரு கீக்கும் ஒரு டயோடு போட்டா இந்தப் பேய் வராது. விலை கம்மியான கீபோர்டுல டயோடுக்கு எங்கே போறது? அதனால 'சந்தேகம்னா மூணாவது ஆர்டரையே எடுக்காதே'ன்னு சிப்புல எழுதிடுவாங்க. கன்ட்ரோல், ஆல்ட் மாதிரி கீகளை மத்த கீயோட சேர்த்து அமுக்குவோம்னு தெரிஞ்சு தனியா ஒதுக்கி வெச்சிருப்பாங்க. அதனால முதல் ஆள் பெரும்பாலும் தப்பிச்சான். எழுத்துக் கீகளை நம்பி நின்ன ரெண்டாவது ஆள் மாட்டினாரு.

டைப் அடிக்க அந்தக் கீபோர்டு அருமையானதுதான். ஒரே நேரத்துல ரெண்டு பேர் அதுல சண்டை போடுவாங்கன்னு அதைச் செஞ்சவங்க நினைச்சிருக்க மாட்டாங்க. தப்பு, ஒவ்வொரு பட்டனாத் தனித்தனியா டெஸ்ட் பண்ணி பாஸ் போட்ட என் மேல.

காலையில சித்தப்பாவை வலுக்கட்டாயமா மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். "நீ என்னைத் தேத்துறதுக்காகச் சொல்றடா"ன்னாரு. "சித்தப்பா, ரெண்டையும் அமுக்கிப் பிடிங்க"ன்னேன். நான் இடது ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினேன். ஒரு கட்டம் அணைஞ்சுது. விட்டேன். எரிஞ்சுது. தள்ளினேன், அணைஞ்சுது. அவர் விரல் பட்டன்ல அப்படியே இருந்துச்சு. தன் விரலையும் ஸ்கிரீனையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு.

"அப்போ நான் அமுக்கினேனாடா?"

"அமுக்கினீங்க சித்தப்பா. எல்லாத் தடவையும் அமுக்கினீங்க."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அப்ப வேற என்னடா வாங்கணும்?"னு கேட்டாரு. பாஸ், அந்தக் கேள்விக்கான பதில்தான் இனிமே!

மார்க்கெட்ல யாரு யாரு?

முதல்ல ஜீரோ டிலே. ஆன்லைன்ல 'ஆர்கேட் என்கோடர்'னு தேடினா முதல்ல வந்து நிக்கிறது இதுதான். சால்டரிங் கிடையாது. ஒயரோடவே வரும், சொருகினா முடிஞ்சுது. கம்ப்யூட்டர் இதை ஜாய்ஸ்டிக்னே நினைச்சுக்கும். பட்ஜெட் பத்மநாபன்களுக்கு ஏத்தது. ஆனா ஒரு போர்டு ஒரு ஆளுக்குத்தான். ரெண்டு பேருக்கு ரெண்டு வேணும். ரெண்டுக்கும் ஒரே பேரு. கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டா சில சமயம் ஒண்ணாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும் இடம் மாறிடும். 'ஜீரோ'ங்கிறதும் பேருல மட்டும்தான். எந்தப் போர்டா இருந்தாலும் சேதி போய்ச் சேர கொஞ்ச நேரம் ஆகத்தான் செய்யும்.

அடுத்தது ஐ-பேக். பிரிட்டன்ல இருக்கிற அல்டிமார்க் கம்பெனியோடது. இந்த வேலைக்குன்னே பொறந்தது. ரெண்டு பேரோட பட்டனையும் ஒரே போர்டு வாங்கிக்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் தனி முனை, பேய் பயம் கிடையாது. மேம்-ல எந்தக் கீயோ அதே கீயை இதுவும் அனுப்பும். சொருகினா ஓடும். என்ன, கடல் தாண்டி வரணும். தபால் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்ந்தா நம்ம மெஸ் பில் கண்ணுக்குத் தெரியும். சம்பாதிக்கிற அண்ணன் இருந்தா கேட்டுப் பாருங்க.

மூணாவது, ராஸ்பெர்ரி பை பிகோ. 2021 ஜனவரியில 4 டாலர் விலையில வந்த குட்டிப் போர்டு. 26 முனைகள் நம்ம உபயோகத்துக்கு. 'ஜி.பி.2040-சி.இ.'ன்னு ஒரு இலவச சாஃப்ட்வேரை பென் டிரைவ்ல பாட்டு ஏத்துற மாதிரி இதுல காப்பி பண்ணினா என்கோடர் ரெடி. ஒரு செகண்டுக்கு 1,000 தடவை கம்ப்யூட்டர்கிட்ட சேதி சொல்லும். கீபோர்டாவும் நடிக்கும், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலராவும் நடிக்கும். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' வெறியர்களுக்கு இதுதான் சிபாரிசு. ஆனா இந்த சாஃப்ட்வேரோட ஒரு பிகோ ஒரு ஆளுக்குன்னு கணக்கு வெச்சுக்கங்க.

கடைசியா ஆர்டுயினோ லியோனார்டோ. 2012-ல வந்தது. இதுல இருக்கிற ஏ.டி.மெகா 32யூ4 சிப் நேரடியா யூ.எஸ்.பி. பேசும். உங்க பெட்டியில மினி ப்ராஜெக்ட் முடிஞ்சு தூங்குற ஊனோ போர்டு இருக்கே, அதை எடுத்துடாதீங்க! ஊனோவோட மெயின் சிப் நேரா யூ.எஸ்.பி. பேசாது. கம்ப்யூட்டர் அதை ஒரு சீரியல் போர்ட்டாத்தான் பார்க்கும், ஜாய்ஸ்டிக்கா இல்லை.

எண்ணுங்க, அப்புறம் எடுங்க!

எதை எடுக்கிறதுன்னு ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டோம். சித்தப்பாதான் எழுதினாரு. ஒரு ஆளுக்குத் திசை 4, பட்டன் 2, ஸ்டார்ட் 1, காசு 1. மொத்தம் 8. ரெண்டு பேருக்கு 16. லியோனார்டோல 0-ல இருந்து 13 வரைக்கும் 14 முனை, ஏ0-ல இருந்து ஏ5 வரைக்கும் 6. ஆக 20. போதும்! இதுவே 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்'னா ஆளுக்கு 6 பட்டன், மொத்தம் 24. லியோனார்டோ பத்தாது. அதனாலதான் சொல்றேன், 'எது பெஸ்ட்?'னு யார்கிட்டயும் கேட்காதீங்க. 'என் பெட்டியில எத்தனை ஸ்விட்ச், எத்தனை ஆளு, என்ன கேம்?'னு முதல்ல எண்ணுங்க.

டவுன்ஹால் ரோட்டுல கடை கடையா ஏறி இறங்கி லியோனார்டோ வாங்கினேன். ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. சித்தப்பா காசு கொடுக்க வந்தாரு. "இன்டர்ன்ஷிப் சம்பளம் சித்தப்பா"ன்னு கெத்தா சொல்லிட்டேன். (எடிட்டர் சார், இந்த வரியை வெட்டிடாதீங்க!)

இங்கயும் ஒரு பொறி இருக்கு. ஆர்டுயினோவோட வழக்கமான கீபோர்டு லைப்ரரியைப் போட்டா, ஷிஃப்ட், கன்ட்ரோல் மாதிரி கீகளைத் தவிர ஒரே நேரத்துல 6 கீதான் அனுப்பும். ரெண்டு பேர் சண்டைக்கு அது இழுபறி. அதனால ஒரே போர்டை ரெண்டு ஜாய்ஸ்டிக்கா காட்டுற ஜாய்ஸ்டிக் லைப்ரரி ஒண்ணைப் போட்டேன். இன்னொரு லாபம்: கீபோர்டு வழியில மேம்-ல நாலாவது பட்டன் இடது ஷிஃப்ட். அதை அஞ்சு தடவை தட்டினா சண்டைக்கு நடுவுல விண்டோஸ் வந்து 'ஸ்டிக்கி கீஸ் வேணுமா?'ன்னு கேட்கும். ஜாய்ஸ்டிக்னா அந்த அக்கறை விசாரிப்பு கிடையாது.

மாட்டி முடிச்சு ஆன் பண்ணினா பேய் இல்லை. ஆனா சித்தப்பா ரெண்டு குத்து குத்திட்டு நெத்தியைச் சுருக்கினாரு. "எல்லாம் வருதுடா. ஆனா மெத்துனு வருது. பழைய பெட்டி சுரீர்னு இருக்கும்."

எனக்கு ஒண்ணும் தெரியலை. ஆனா இந்தத் தடவை 'அவர் கையில கோளாறு'ன்னு நினைக்கிற தப்பை நான் பண்ணலை. நேரா கோடைத் திறந்தேன். ஸ்விட்சை அமுக்கினா உள்ளே இருக்கிற தகடு சில மில்லி செகண்ட் துள்ளும். ஒரு அமுக்கு பத்து அமுக்கா தெரியும். அதுக்காக லேப்ல சொல்லிக் கொடுத்த மாதிரி 50 மில்லி செகண்ட் காத்திருந்து உறுதி பண்ணிக்கன்னு எழுதியிருந்தேன். ஸ்கிரீன்ல ஒரு செகண்டுக்கு சுமார் 60 படம். ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட். 50-ன்னா மூணு படம் லேட்! எல்.ஈ.டி. எரிய வைக்க அது ஓகே. பாயுற டைனோசருக்கு ஓகே இல்லை.

மாத்தி எழுதினேன். முதல் தொடுதலையே உடனே அனுப்பிடு, அடுத்த 5 மில்லி செகண்டுக்கு வர்ற துள்ளலைக் கண்டுக்காதே. அவ்வளவுதான். சித்தப்பா மறுபடி குத்தினாரு. "ஆங்... இதுதான்!" மூணு படம் வித்தியாசத்தை வெறும் கையால கண்டுபிடிச்ச மனுஷனுக்குக் கை போச்சாம்!

திருக்கல்யாணத்தன்னிக்கு

தேனி அத்தை வந்தாங்க. அவங்க பேரப் பசங்க அஞ்சு பேரும் நேரா மாடிக்கு ஏறிட்டாங்க. நடுவுல காசு ஸ்விட்சோட ஒயர் கழண்டுச்சு. (லக் சரியா இறுக்கலை. மறுபடியும் நான்தான்!) மாட்டிக் கொடுத்தேன். கடைசிப் பொடியன் ஒருத்தன் ஒண்ணும் புரியாம அடி வாங்கிட்டு முழிச்சான். சித்தப்பா பேசாம போய் வலது பக்கம் நின்னாரு. ரெண்டு பட்டனையும் சேர்த்து ஒரே அமுக்கு. சுத்தி நின்ன அத்தனை பேரும் தெறிச்சாங்க. பொடியன் அவரை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கே...

சித்தி வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "ரூமை இடிக்கிறது இடிக்கிறதுதான்"னாங்க. எங்க மூஞ்சி எல்லாம் தொங்கிப் போச்சு. "அதுக்கு முன்னாடி இதைக் கீழே இறக்கி மாடிப்படிக்கு அடியில வைங்க. போற வர்ற வழியில இல்லாம பார்த்துக்கங்க."

இரும்புக் கடைக்காரருக்கு அந்த வாரம் எங்க வீட்ல இருந்து கிடைச்சது, பிரிச்சுப் போட்ட ஒரு கீபோர்டு மட்டும்தான்!

பெட்டி செய்யப் போறீங்களா? பாக்கெட்ல வெச்சுக்கங்க

ஸ்விட்ச்ல மூணு காது இருக்கும். காமன், என்.ஓ., என்.சி. உங்களுக்கு வேண்டியது காமனும் என்.ஓ.வும். என்.சி.யில மாட்டினா தொடாமலே அமுங்கியிருக்கும்.

எல்லா ஸ்விட்சோட காமனையும் மாலை மாதிரி ஒரே ஒயர்ல கோத்து போர்டோட கிரவுண்டுல கொடுங்க. இன்னொரு காது தனித்தனி முனைக்கு. லியோனார்டோ, பிகோ ரெண்டுலயும் உள்ளேயே புல்-அப் ரெசிஸ்டர் இருக்கு, தனியா வாங்க வேணாம். பிகோ முனையில 5 வோல்ட் கொடுத்துடாதீங்க. அது 3.3 வோல்ட் பார்ட்டி.

ஆசாரிகிட்ட ஓட்டை போடச் சொல்றதுக்கு முன்னாடி பட்டனைக் கையில வாங்கிடுங்க. ஜப்பான் வகைக்கு 30 மில்லி மீட்டர், அமெரிக்க வகைக்கு 28. ஓட்டையைப் பெருசாக்கலாம், சின்னதாக்க முடியாது!

மேம் சாஃப்ட்வேர் இலவசம். அதுல ஓடுற கேம்கள் எல்லாம் இலவசம் இல்லை, காப்புரிமை கம்பெனிகளோடது. கேப்காமே தன்னோட பழைய அடிதடி கேம்களை 2018-ல ஒரு தொகுப்பா விட்டுச்சு. 'முஸ்தபா' அதுல இல்லை, ஆனா 'ஃபைனல் ஃபைட்' இருக்கு. இந்த மாதிரி தொகுப்புகளை வாங்கி ஆடப் போறீங்கன்னா எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரா நடிக்கிற என்கோடரா பார்த்து வாங்குங்க.

முக்கியமான கடைசி டெஸ்ட்: தனியா அமுக்கிப் பார்த்து பாஸ் போடாதீங்க. பக்கத்துல ஒருத்தரை நிறுத்தி, அவர் எல்லாத்தையும் அமுக்கிப் பிடிச்சிருக்கும்போது நீங்க ஒவ்வொண்ணா அமுக்குங்க. வலது பக்கம் நிக்கிறவரையும் ஒரு வார்த்தை கேளுங்க.

'அப்போ செமஸ்டர்ல போன பேப்பருக்கும் இப்படி ஒரு என்கோடர் கோளாறு இருக்குமா?'ன்னு கேட்கிறீங்களா? நானும் ரொம்பத் தேடிப் பார்த்தேன் பாஸ். அங்கே நான் நெசமாவே அமுக்கலை!

அடுத்த வாரம் பார்க்கலாம். வர்ட்டா?